1999 மாருதி 800: எமிஷனில் சி.ஓ. 6.8, ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில். எங்கிருந்து தொடங்குவது?

அல்சூர்க்காரன் | 2025 டிசம்பர் 20, காலை 9:12

வணக்கம். பல வருஷமாக இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவின் மாருதி 800. 1999 ஜனவரியில் பெங்களூர் ஜெயநகரில் பதிவான கே.ஏ. 05 வண்டி, கார்பரேட்டர் மாடல். 2014-லும் 2019-லும் அப்பாவே வரிசையில் நின்று ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறார். 2023 அக்டோபரில் அவர் தவறிவிட்டார். அடுத்த ஜனவரி 18-ல் ஆர்.சி. முடிந்தது எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. இரண்டு வருஷமாக வண்டி வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. போன வாரம் அம்மா, "ஒன்று ஓட்டு, இல்லை யாருக்காவது கொடு. துளசி மாடத்துக்கு வெயிலே வரவில்லை" என்றார்.

புது பாட்டரி போட்டதும் நாலாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த உற்சாகத்தில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் எமிஷன் (புகைச் சோதனை) சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சீட்டில் சி.ஓ. 6.8 சதவீதம், எச்.சி. 1,240 பி.பி.எம்., கீழே ஃபெயில். பக்கத்திலேயே இருந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே, "இன்ஜின் முடிஞ்சு போச்சு சார். ரிங், வால்வு எல்லாம் இறக்கணும், 28 ஆயிரம் ஆகும்" என்றார்.

28 ஆயிரம் போடலாமா? இவ்வளவு பழைய வண்டிக்கு ஆர்.சி. இன்னும் புதுப்பிக்க முடியுமா? பெயர் மாற்றம் முதலிலா, புதுப்பித்தல் முதலிலா?

டூஸ்ட்ரோக் | டிசம்பர் 20, காலை 10:40

தம்பி, அந்த 28 ஆயிரம் இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும்.

சீட்டில் உள்ள இரண்டு எண்ணும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) பாதி எரிந்த பெட்ரோல். காற்று போதாமல் எரியும்போது அது ஏறும். எச்.சி. (ஹைட்ரோகார்பன்) எரியாமலே வெளியே போன பெட்ரோல். ப்ளக்கில் பொறி தவறினாலும், வால்வு கசிந்தாலும், ஆயில் மேலே ஏறி எரிந்தாலும் அது ஏறும். பி.எஸ். 2 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) வருவதற்கு முந்தைய பெட்ரோல் காருக்கு வரம்பு சி.ஓ. 3 சதவீதம், எச்.சி. 1,500. ஆக எச்.சி.யில் நீங்கள் பாஸ், சி.ஓ. மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். ரிங் தேய்ந்த வண்டி நீலப் புகை விடும், எச்.சி.யும் எகிறும், மாதாமாதம் ஆயில் ஊற்ற வேண்டிவரும். உங்கள் சீட்டைப் பார்த்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான்.

முதலில் டாங்கில் இருக்கும் இரண்டு வருஷப் பெட்ரோலை வடித்துக் கொட்டுங்கள். அது இப்போது பெட்ரோல் என்ற பெயரில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று. அடுத்து ஏர் ஃபில்டர். அதற்கு அடுத்து சோக். 800-இல் டாஷ்போர்டில் இழுக்கிற குமிழ்தானே? குமிழ் உள்ளே போய்விட்டது என்பதற்காகக் கார்பரேட்டர் வாயில் இருக்கும் தகடு முழுக்கத் திறந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கேபிள் துருப்பிடித்தால் தகடு பாதியில் நின்றுவிடும். கடைசியாகக் கார்பரேட்டர் மிதவையும் ஊசியும். ஊசி சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் மட்டம் ஏறிப்போய்க் கலவை கெட்டியாகிவிடும். பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள். எல்லாம் பார்த்து முடித்த பிறகு திருப்ப வேண்டியது அது. நம் ஊர் மெக்கானிக்குகள் அங்கேதான் ஆரம்பிப்பார்கள்.

ஒரு கேள்வி. அப்பா பழைய எமிஷன் சீட்டுகளை எங்காவது வைத்திருக்கிறாரா?

ஜெயநகர் மாமா | டிசம்பர் 20, மதியம் 12:05

தம்பி, அப்பா விஷயம் கேட்டு வருத்தம். அதோடு ஒரு திட்டும் வாங்கிக்கொள். "இரண்டு தெருதானே" என்று ஓட்டிக்கொண்டு போனாய் பார், அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவே இல்லாத வண்டி. முதல் தடவை பிடித்தால் 5,000 வரை அபராதம். அது போனால் போகிறது. அந்த இரண்டு தெருவில் ஒரு பையன் சைக்கிளோடு குறுக்கே வந்திருந்தால்? தற்காலிகப் பதிவு முடிந்த ஒரு வண்டியின் வழக்கில், பதிவில்லாமல் ஓட்டியது இன்சூரன்ஸ் பாலிசி நிபந்தனையின் அடிப்படையையே மீறியது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. இனிமேல் கிரேன் வைத்து இழுத்துப் போ.

புதுப்பிக்க முடியுமா என்றால் முடியும். கர்நாடகத்தில் சொந்த உபயோக வண்டிக்கு வயது வரம்பு கிடையாது. பதிவு முதலில் 15 வருஷம் செல்லும், அப்புறம் ஒவ்வொரு 5 வருஷமும் ஃபார்ம் 25 கொடுத்து, பிரேக் இன்ஸ்பெக்டர் (ஆர்.டி.ஓ.வில் வண்டியைச் சோதிப்பவர்) முன்னால் வண்டியைக் காட்ட வேண்டும். முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

பணம்தான் வலிக்கும். காருக்கு வெறும் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பைக் என்றால் 15 தாண்டினால் 1,000, 20 தாண்டினால் 2,000. தாமதத்துக்கு காருக்கு மாதம் 500, பைக்குக்கு 300 தனி. உனக்கு 24 மாதம் ஆகப்போகிறது, அதுவே 12,000. இன்னும் பசுமை வரி 500 இருக்கிறது. 2024 ஜனவரியிலேயே போயிருந்தால் ஐயாயிரத்தோடு போயிருக்கும்.

நேர்வழி | டிசம்பர் 20, மாலை 6:30

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 27 வயது கார். அது பாஸ் ஆனாலும் 3 சதவீத சி.ஓ. வரை விடலாம். பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு வரம்பு 0.3, எச்.சி. 200. அதாவது உங்கள் கார் "பாஸ்" ஆகிற நிலையில் சி.ஓ.வில் பத்து மடங்கு. ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. 22 ஆயிரத்துக்கு மேல் அரசாங்கத்துக்குக் கட்டி, மெக்கானிக்குக்கும் கொடுத்து, அதே சிக்னலில் எனக்கு முன்னால் நின்று புகையும் விடப்போகிறீர்கள். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால், வண்டியை ஒப்படைத்ததற்கு டெபாசிட் சான்று கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை.

பாசத்தைப் போட்டோவில் வைத்துக்கொள்ளலாமே.

அல்சூர்க்காரன் | டிசம்பர் 20, இரவு 9:55

நேர்வழி, கோபம் இல்லை. நீங்கள் சொல்கிற கணக்குக்கு என்னிடம் பதிலும் இல்லை. தினமும் ஆபீசுக்கு நான் மெட்ரோவில்தான் போகிறேன். இது அம்மாவை மாதம் இரண்டு தடவை கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக மட்டும். அம்மாவுக்கு ஆட்டோவில் ஏறினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. உயரமான புது கார்களிலும் ஏற முடியவில்லை. இந்த 800-இல் மட்டும் எப்படியோ உட்கார்ந்துவிடுகிறார்.

மாமா, திட்டு வாங்கிக்கொண்டேன். இனி கிரேன்.

டூஸ்ட்ரோக் அண்ணா, நீங்கள் கேட்டதும் பீரோவைக் குடைந்தேன். ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய எமிஷன் சீட்டு! 2003-இல் இருந்து ஆறு மாதத்துக்கு ஒன்று. பாதி மங்கிப்போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. ஆனால் அப்பா எண்களை ஒரு பழுப்புக் கவரின் மேல் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார். "2009 மார்ச், சி.ஓ. 1.9, ப்ளக் 3 மாற்றம்." "2016 செப், சி.ஓ. 2.8, ஏர் ஃபில்டர்." கடைசி வரி 2023 ஜூன், சி.ஓ. 2.2, எச்.சி. 590.

டூஸ்ட்ரோக் | டிசம்பர் 20, இரவு 10:20

அந்தக் கவரை லாமினேட் செய்யுங்கள். 28 ஆயிரம் கேட்ட மெக்கானிக்கிடம் அதைக் காட்டுங்கள். ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் ரிங் எப்படித் தேயும்? 590 எச்.சி. விட்ட இன்ஜின் தார்ப்பாய்க்குள் நின்றபடியே செத்துப்போகாது. நிற்கிற வண்டியில் கெடுவது ரப்பர், கேபிள், பெட்ரோல். மற்றபடி எலி.

ஓசூர் பஸ் | டிசம்பர் 21, காலை 8:15

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டி.என். 70 பைக், 2011 மாடல். குடியிருப்பது ஓசூர், வேலை எலக்ட்ரானிக் சிட்டி, தினமும் அத்திப்பள்ளி தாண்டி வருகிறேன். 2026-ல் 15 வருஷம் முடிகிறது. கே.ஏ. நம்பருக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஆபீசில் பயமுறுத்துகிறார்கள். அப்புறம் ஒன்று, ஓசூரில் ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) எப்படியோ அப்படியேதான் இங்கேயும். ஆனால் சென்னையில் இருந்த என் மச்சானின் பழைய ஸ்கூட்டர் இங்கே வந்ததும் எமிஷனில் சி.ஓ. கூடக் காட்டியது. அது ஏன்?

ஜெயநகர் மாமா | டிசம்பர் 21, காலை 9:00

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் புது நம்பர். நீ ராத்திரி ஓசூரில் தூங்குகிறாய், வண்டியும் அங்கேதான் தூங்குகிறது. விலாசச் சான்றின் நகலை பைக்கிலேயே வை. புதுப்பித்தலும் ஓசூரிலேயே. எமிஷன் சீட்டு எந்த மாநிலத்தில் எடுத்தாலும் நாடு முழுக்கச் செல்லும்.

மச்சான் நிரந்தரமாக இங்கே வந்துவிட்டாரென்றால் அவர் கதை வேறு. சென்னை ஆர்.டி.ஓ.விலிருந்து ஃபார்ம் 28-இல் என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று), இங்கே லைஃப் டாக்ஸ், அப்புறம்தான் புது நம்பர். லைஃப் டாக்ஸ் தொகையைக் கேட்டதும் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்து போய்விடலாம் என்று தோன்றும்.

டூஸ்ட்ரோக் | டிசம்பர் 21, காலை 9:30

சி.ஓ. கூடியதற்குக் காரணம் நம் ஊரின் உயரம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், ஓசூரும் கிட்டத்தட்ட அதே மட்டம். சென்னைக் காற்று கனம், இங்கே லேசு. கார்பரேட்டர் ஜெட் வழியாக வருகிற பெட்ரோல் பெரிதாகக் குறைவதில்லை, உள்ளே போகிற காற்றின் எடைதான் குறைகிறது. கலவை கொஞ்சம் கெட்டியாகிவிடும். ஊசி வண்டிகளில், அதாவது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனில், சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு ஏது கண்? மிக்ஸ்சரைச் சற்றுக் குறைத்தால் போதும்.

ஸ்கூட்டர் டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் சைலன்சரில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயிலை "இன்னும் ஒரு மூடி" என்று கூட ஊற்றுகிறவர்கள் பெட்ரோலோடு எச்.சி.யையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். 2000 ஏப்ரலுக்கு முந்தைய டூ ஸ்ட்ரோக் என்றால் எச்.சி. 9,000 வரை போகலாம், அதற்குப் பிந்தியது 6,000. சி.ஓ. 4.5-உம் 3.5-உம். என் யமஹா 1994 மாடல், போன தடவை 5,200. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

தில்லிவாசி | டிசம்பர் 21, பகல் 11:10

இதையெல்லாம் ஆர்.கே.புரத்தில் உட்கார்ந்து படிக்க ஏக்கமாக இருக்கிறது. உங்களுக்கு "எப்படிப் பாஸ் பண்ணுவது" என்று கேள்வி. எங்களுக்குப் பாஸ் ஆனாலும் பயனில்லை. 2014 நவம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் 15 வருஷம் தாண்டிய வண்டி ஓடக்கூடாது என்றது, 2015-இல் 10 வருஷம் தாண்டிய டீசலுக்கும் அதையே சொன்னது, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த ஜூலை 1 முதல் பங்கில் பெட்ரோலே கிடையாது என்று ஆரம்பித்து இரண்டே நாளில் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் நடவடிக்கைக்கே தடை வந்தது. அப்பாடா என்று இருந்தால், இந்த வாரம் 17-ம் தேதி அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4-க்கும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்கு மட்டும்தான் என்று திருத்திவிட்டார்கள்.

என் பி.எஸ். 3 டீசல் வண்டி வருஷா வருஷம் புகைச் சோதனையில் வரம்புக்கு வெகு கீழே இருந்தது. 65 ஹார்ட்ரிட்ஜ் (டீசல் புகையின் அடர்த்தி அளவு) அனுமதி, அது 30-ஐத் தாண்டியதே இல்லை. யாரும் கேட்கவில்லை. என்.ஓ.சி. வாங்கிச் சேலத்தில் மைத்துனருக்கு அனுப்பிவிட்டேன். அல்சூர்க்காரரே, உங்கள் ஊரில் வண்டியைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். அந்த அதிர்ஷ்டத்தை வீணாக்காதீர்கள்.

நேர்வழி | டிசம்பர் 21, பகல் 11:45

தில்லிக் காற்றை மூன்று குளிர்காலம் சுவாசித்தவன் நான். வயதை வைத்து ஒட்டுமொத்தமாகத் தடை செய்வது மொட்டையான முறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதனையை நம்பலாம் என்றால் அந்தச் சோதனை ஒழுங்காக நடக்க வேண்டும். வண்டியைக் கொண்டுபோகாமலே சீட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எக்ஸ்பிரஸ் | டிசம்பர் 21, மதியம் 1:30

ஏன் சார் இவ்வளவு தலைவலி? ஏஜென்டிடம் ஒரு தொகை பேசினால் எமிஷன், இன்சூரன்ஸ், ஆர்.சி. எல்லாம் வீட்டுக்கே வரும். வண்டி வாசலை விட்டே நகர வேண்டாம். நான் இரண்டு பைக்குக்கு அப்படித்தான் செய்தேன்.

ஜெயநகர் மாமா | டிசம்பர் 21, மதியம் 1:50

வண்டி நகராமல் கிடைக்கிற சீட்டு, வண்டி நகரும்போது உதவாது. நாளைக்கு எங்காவது இடித்து வழக்கு வந்து, இன்ன தேதியில் இந்த வண்டி எங்கே நின்றது என்று கேட்டால் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டான். ஃபார்ம் நிரப்ப, வரிசையில் நிற்க ஆள் வேண்டுமானால் வைத்துக்கொள், அதில் தப்பில்லை. சோதனைக்கு மட்டும் வண்டியும் நீயும் போங்கள்.

தங்கவயல் பெண் | டிசம்பர் 22, காலை 7:40

எல்லாரும் புகையையே பேசுகிறீர்கள். புகை ஒரு வாரத்தில் சரியாகிவிடும் தம்பி. காகிதம்தான் நாள் தின்னும். எங்கள் வீட்டுக்காரர் போனபோது கே.ஜி.எஃப்.பில் அவருடைய ஜீப்புக்கு நான் அலைந்ததை வைத்துச் சொல்கிறேன்.

வண்டிக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 31 கொடுக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு அது தோன்றும்? தாமதமானாலும் வாங்கிக்கொள்கிறார்கள், அபராதம் உண்டு. இறப்புச் சான்று, அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், எமிஷன். அதோடு வாரிசுச் சான்று. இங்கே அதற்கு வம்சவிருட்சம் என்று பெயர், நாடகச்சேரியில் (வருவாய்த் துறையின் உள்ளூர் ஆபீஸ்) கொடுப்பார்கள். முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்டபோது நாடகமா கச்சேரியா என்று குழம்பினேன். போய்ப் பார்த்தால் இரண்டும்தான்.

வீட்டுக் காத்தா (சொத்துப் பதிவு) மாற்றுவதற்கு ஏற்கெனவே வம்சவிருட்சம் எடுத்திருப்பீர்கள், அதன் நகல் போதுமா என்று கேளுங்கள். அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தங்கை வெளிநாட்டில் என்றால் இப்போதே சொல்லிவையுங்கள்.

அப்புறம், பழைய ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். எச்.பி., அதாவது கடன் அடமானம், என்று ஒரு வரி எழுதியிருக்கும். கடன் கட்டி இருபது வருஷம் ஆகியிருக்கும், வரி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை நீக்க ஃபார்ம் 35-உம் அவர்களுடைய கடிதமும் வேண்டும். அந்தக் கம்பெனியே இப்போது இருக்காது. எனக்கு மூன்று மாதம் தின்றது இந்த ஒரு வரிதான்.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தீர்களா? பழைய வண்டிகளில் மொபைல் எண் இருக்காது, இருந்தால் அப்பாவுடையதாக இருக்கும். ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். அப்பாவின் சிம்மை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

அல்சூர்க்காரன் | டிசம்பர் 22, இரவு 8:30

அக்கா, சிம் இருக்கிறது. அம்மா மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார். ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

எச்.பி.யை அப்பா 2003-லேயே நீக்கிவிட்டார், ஆர்.சி.யில் முத்திரை இருக்கிறது. வம்சவிருட்சமும் கையில் இருக்கிறது. தங்கை ஓசூரில்தான்.

இனி வண்டிக் கதை. ஞாயிற்றுக்கிழமை ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன். டூஸ்ட்ரோக் அண்ணா, நீங்கள் கடைசியில் "மற்றபடி எலி" என்று விளையாட்டுக்குச் சேர்த்ததாக நினைத்தேன். ஃபில்டர் மேல் தேங்காய் நார், கடலைத் தோல், அம்மாவின் பழைய புடவைத் துண்டு ஒன்று. முழுக் குடித்தனம். ஜே.சி. ரோட்டில் புது ஃபில்டரும் சோக் கேபிளும் வாங்கினேன். 800-க்கு இன்னும் எல்லாமே கிடைக்கிறது, கடைக்காரர் மாடல் வருஷம்கூடக் கேட்கவில்லை. டாங்கை வடித்தேன், வார்னிஷ் வாடை.

டூஸ்ட்ரோக் | டிசம்பர் 22, இரவு 8:50

எலிகளுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தீர்களா? பெட்ரோல் குழாய்களையும் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, 1999-இன் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. விரலால் மடக்கினால் வெடிப்பு தெரிகிறதா? தெரிந்தால் மொத்தமும் மாற்றுங்கள். நூறு இருநூறு ரூபாய் குழாய்க்காக வண்டி தீப்பிடிக்க வேண்டாம்.

அல்சூர்க்காரன் | டிசம்பர் 28, மாலை 5:15

கிரேனில் வில்சன் கார்டனில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பெரியவர், 800-இல் ஊறியவர். ஃபில்டர், சோக் கேபிள், குழாய்கள் மாற்றியாயிற்று. சோக் தகடு முக்கால்வாசி மூடியபடியே நின்றிருந்தது. அவர் எமிஷனுக்கு வேறு இடம் சொன்னார். அங்கே வந்த எண்: சி.ஓ. 1.1, எச்.சி. 1,920. இப்போது சி.ஓ. பாஸ், எச்.சி. ஃபெயில்! தலை சுற்றுகிறது.

டூஸ்ட்ரோக் | டிசம்பர் 28, மாலை 5:40

பெரியவரின் உதவியாள் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொட்டாரா இல்லையா? சி.ஓ. பழையபடி 2-ஐச் சுற்றி வந்திருக்க வேண்டும், 1.1 வரை இறங்கியது யாரோ இழுத்துப் பிடித்ததால். பெட்ரோலை ரொம்பக் குறைத்தால் கலவை பற்றிக்கொள்ளாமலே சில சுற்று வெளியே போகும், எச்.சி. ஏறும். ஐட்லிங்கில் வண்டி லேசாகக் குலுங்கியதா? அதுதான் அது. இன்றைய எத்தனால் பெட்ரோலே கலவையைக் கொஞ்சம் மெலியவைக்கும், அதன் மேல் இவரும் மெலியவைத்தால்?

மூன்று ப்ளக்கும் புதிதாகப் போடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா பார்த்துத் துடையுங்கள். அப்புறம் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அனலைசர் குழாயைச் சைலன்சரில் விட்டபடியே ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திறக்கச் சொல்லுங்கள். சி.ஓ. 2-க்குப் பக்கத்தில் வரும்போது எச்.சி. தானாகக் கீழே விழும். அப்பாவின் கவரில் இருக்கும் எண்தான் இலக்கு. காலை எட்டு மணிக் குளிரில் போய் நிற்காதீர்கள், பத்து கிலோமீட்டர் ஓடிய சூட்டில் இருக்க வேண்டும். ஓட்ட முடியாததால் நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிடுங்கள்.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் அதையும் அடையுங்கள். வெளிக்காற்று உள்ளே போய் அளவு பொய் சொல்லும்.

அல்சூர்க்காரன் | டிசம்பர் 30, பகல் 12:20

சி.ஓ. 2.1. எச்.சி. 640. பாஸ்!!

பெரியவர் வாங்கியது 1,800, சாமான்கள் எல்லாம் சேர்த்து 4,000-க்குள். அந்த 28 ஆயிரத்தை நினைத்துக்கொண்டேன்.

ஜெயநகர் மாமா | டிசம்பர் 30, மதியம் 12:45

சபாஷ். உடனே இன்சூரன்ஸ் எடு, தேர்ட் பார்ட்டி போதும். இன்ஸ்பெக்டரிடம் போகும் முன் ஒரு சாயங்காலம் ஒதுக்கி இதைப் பார்: ஹெட்லைட் டிப், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹாண்ட் பிரேக். இரண்டு வருஷம் நின்ற வண்டியில் ஹாண்ட் பிரேக் ஒன்று பிடிக்காது, அல்லது பிடித்தால் விடாது. 2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்பதால் ஹெச்.எஸ்.ஆர்.பி. என்ற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் வேண்டும், பதிவு செய்துவிட்டாயா?

முக்கியமாக சேஸி நம்பர். இன்ஜினுக்குப் பின்சுவரில் குத்தியிருக்கும். பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுப்பார்கள். துரு ஏறியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடை. உப்புத்தாள், கிரைண்டர் பக்கம் போகாதே. தேய்த்த தடம் தெரிந்தால் நம்பரை மாற்றினாயா என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லி முடியாது.

அல்சூர்க்காரன் | 2026 பிப்ரவரி 14, காலை 10:05

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்று ஆர்.சி. கைக்கு வந்தது. என் பெயரில்.

ஜனவரி 8-ல் விண்ணப்பித்தேன். புதுப்பித்தல் 10,000, தாமதம் 12,000, பசுமை வரி 500, பெயர் மாற்றத்துக்குத் தனியாகக் கொஞ்சம். பெயர் மாற்றத்தையும் புதுப்பித்தலையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் ஒரு பிரமாணப் பத்திரத்தில் தங்கை கையெழுத்து ஆதாரோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தங்கை ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, அங்கேயே நின்று மறுபடி போட்டாள். இரண்டாம் நாள் இன்ஸ்பெக்டர். ஹாண்ட் பிரேக், வைப்பர், சேஸி நம்பர், முடிந்தது. பானெட்டை மூடும்போது "யாரு வெச்சிருந்தாங்க? நீட்டா இருக்கே" என்று தமிழிலேயே கேட்டார். அப்பா என்றேன்.

அப்பாவின் கவரில் கடைசி வரிக்குக் கீழே எழுதிவிட்டேன். "2025 டிச, சி.ஓ. 2.1, எச்.சி. 640, ஏர் ஃபில்டர், சோக் கேபிள், ப்ளக் 3, எலி 1."

நேர்வழி | பிப்ரவரி 14, காலை 10:30

வாழ்த்துகள். சிக்னலில் பார்த்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஜெயநகர் மாமா | பிப்ரவரி 14, காலை 11:00

அடுத்த எமிஷன் ஜூன் கடைசி. ஆறு மாதம்தான் செல்லும், மறக்காதே. ஆர்.சி. அடுத்து எப்போது என்று அந்தக் கவரிலேயே பெரிதாக எழுதி வை. 50 வருஷம் ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கலாம், நம்பரில் வி.ஏ. என்று எழுத்து வரும். 2049. நான் இருக்க மாட்டேன், நீ போ.

அல்சூர்க்காரன் | பிப்ரவரி 14, காலை 11:20

மாமா, நீங்கள்தான் முன்சீட்டில்.

டூஸ்ட்ரோக் அண்ணா, கடைசியாக ஒரு உதவி. அம்மா உட்காரும் பக்கம் ஜன்னல் கண்ணாடி இறக்குகிற கைப்பிடி உடைந்திருக்கிறது. ஜே.சி. ரோட்டில் மூன்று கடை பார்த்தேன், பழைய மாடலுக்கு உட்காரவில்லை.

டூஸ்ட்ரோக் | பிப்ரவரி 14, காலை 11:35

என்னிடம் இரண்டு கிடக்கிறது. கறுப்பா, சாம்பலா?